தண்ணிழல்நாதருக்கு வீசிய காற்று

பதிகத்தின் ஆறாம் பாட்டில் முதலடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் அமர்ந்திருந்த பதினேழு பெண்கள் அதை வாங்கிப் பாடத் தொடங்கிய இடைவெளியில், மங்கையர்க்கரசிக்கு நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ ஒரு திரி பற்றிக்கொண்டது. வந்துவிட்டாயா, வா, என்றாள் அவள் மனத்துக்குள். இரண்டு வருஷமாகப் பழகிய விருந்து. சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். வந்தால் மூன்று நிமிஷம், மிஞ்சினால் ஐந்து. காபி கேட்காது, பாய் கேட்காது. ஆனால் உடம்பிலுள்ள ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டுவந்து நெற்றியிலும் பிடரியிலும் கொட்டிவிட்டுப் போய்விடும். போயும் போயும் இந்த நேரத்திலா வரவேண்டும்? எதிரே கருவறையில் தண்ணிழல்நாதர், பெயருக்கேற்ற குளிர்ச்சியோடு, வில்வமும் தும்பையும் சாத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார். மற்றக் கோயில்களில் கத்திரி வெயிலுக்கு மட்டும் கட்டுகிற தாராபாத்திரத்தை இந்தக் கோயிலில் பன்னிரண்டு மாதமும் கட்டி வைத்திருப்பார்கள்; அதன் அடியிலுள்ள துளை வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவர் திருமுடியில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சொட்டின் ஓசை மகாமண்டபம் வரைக்கும் கேட்கும். கேட்கக் கேட்க மங்கையர்க்கரசிக்கு ஆசையாக இருந்தது. பக்தியால் வந்த ஆசையா உடம்பால் வந்த ஆசையா என்று பிரித்துப் பார்க்க இப்போது அவகாசம் இல்லை, இரண்டாம் அடி காத்திருக்கிறது. கொடுத்தாள். குரல் நடுங்கவில்லை. நல்லது. கையில் வெட்டிவேர் விசிறி. பக்கத்தில் பித்தளைச் செம்பில் தண்ணீர். விசிறியைச் செம்புத் தண்ணீரில் ஒருமுறை நனைத்து, மணிக்கட்டை நீட்டி, சந்நிதியை நோக்கி மெல்ல வீசினாள். ஈர வெட்டிவேரின் வாசனை நந்தியைத் தாண்டி உள்ளே போயிற்று. அவளுக்கு வந்த பங்கு, வாசனையின் வால் மட்டும். முன்னிருக்கைக்காரிக்கு விதித்த தொண்டு அது: பாட்டு நடக்கையில் சுவாமிக்கு விசிற வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொன்ன விதி இல்லை. இருபது வருஷமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து, முன்னிருக்கையில் திரிபுரத்தம்மாளின் முதுகையும், அந்த முதுகுக்கு வலப்புறம் போய்வந்துகொண்டிருக்கும் முழங்கையையும் பார்த்துப் பார்த்து அவள் தானே கற்றுக்கொண்டது. எத்தனை பொறுமையாக விசிறுவாள் திரிபுரத்து அத்தை! பாட்டின் உருக்கம் ஏற ஏற வீச்சும் ஏறும். கண்டு கண்ணீர் விட்டிருக்கிறாள் மங்கையர்க்கரசி. போன மாசி மாதம் முழங்கால் வலியால் இனித் தரையில் உட்கார முடியாது என்று இருக்கையை விட்ட அத்தை அந்த விசிறியையும் செம்பையும் இவள் கையில் கொடுத்து, "இதைப் பக்கத்துலயே வச்சுக்கோ, விட்டுராத" என்று சொன்னபோது, ஏதோ செங்கோலை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்றாம் அடி. கொடுத்தாயிற்று. திரி இப்போது தீயாகிக் கழுத்துக்கு ஏறிவிட்டது. காதுமடல் இரண்டும் கல்லிலிருந்து எடுத்த அடைகளைப்போலச் சுடுகின்றன. மண்டபத்து மின்விசிறியை ஓதல் நேரத்தில் நிறுத்திவிடுவார்கள், விளக்குச் சுடர் ஆடும் என்று. சுடர் ஆடாமல் நிற்கிறது. ஆடாமல் நின்று பார்க்கிறது. நீயும் நானும் ஒரே சாதி என்கிறது. இருக்கட்டும். மூச்சு. டாக்டர் ஹெப்சிபா சொன்ன மூச்சு: வயிறு வரைக்கும் மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடு. அந்த அம்மாளின் அறையில் சுவரில் வேத வசனம், மேசையில் எலும்புக்கூட்டின் இடுப்பு, இரண்டுக்கும் நடுவில் சிரித்த முகம். "பயப்படாதீங்கம்மா. இது வியாதி இல்ல. சூல்பை சுரக்கிறதைக் குறைச்சுக்கிடுது. மூளையில இருக்கிற சூட்டுக்கட்டுப்பாடு கொஞ்ச நாள் குழம்புது. லேசா வெக்கை அடிச்சாலே ஊர் தீப்பிடிச்ச மாதிரி மணி அடிச்சிரும்." மணி அடிக்கிறவனுக்கே பதற்றம் என்றால் ஊரென்ன செய்யும் என்று இவள் கேட்டதற்கு, அந்த அம்மாள் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பருத்திச் சேலை கட்டு, சாயங்காலம் நட, கேப்பையும் எள்ளும் கீரையும் சேர், எலும்புக்கு வெயில் வேண்டும், சூடான காபியும் மிகுந்த காரமும் எப்போதெல்லாம் இதைக் கிளப்பிவிடுகின்றன என்று ஒரு நோட்டில் குறித்துப் பார். மிகவும் முடியாமல் போனால் மாத்திரையும் உண்டு. அதற்கு முன் இரத்தக்கொதிப்பு இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா என்று எல்லாம் பார்த்துத்தான் தருவேன். மாதவிலக்கு ஒரு வருஷம் முழுக்க நின்றபிறகு ஒரு துளி பட்டாலும் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இராமல் உடனே என்னிடம் வா. இவ்வளவையும் எழுதிக்கொண்டது இவள் இல்லை, கூட வந்திருந்த கணவர் சங்கரலிங்கம். முப்பது வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறித்து ஓய்வுபெற்றவர். நோட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்த மாதிரி ஆயிற்று. தேதி, நேரம், அளவு, காரணம் என்று கோடு போட்டுக் காலையில் கையில் எடுத்துக்கொண்டு, "அரசி, ரீடிங் சொல்லு" என்பார். "இப்ப ஒண்ணும் இல்ல, போங்க." "காலையில ஏழரைக்கு முகம் செவந்துச்சே?" "அது உங்கமேல வந்த கோவம்." "அதையும் எழுதணும்லா?" எழுதுவார். ஒரு மாதத்துக்குப் பிறகு நோட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ஸ்ட்ராங் காபிக்கு ஒம்பது, ஊறுகாய்க்கு நாலு, எங்க அக்கா வந்த நாள்ல மட்டும் பதினொண்ணு. காபியைக் குறைச்சுக்கலாம். அக்காவை என்னால ஒண்ணும் செய்ய முடியாது." இன்று காலை விடியுமுன் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, இங்கே வரும் அவசரத்தில் அவள் ஆற்றாமல் குடித்தது ஒரு தம்ளர் கள்ளிச்சொட்டாகக் கெட்டியான காபி. வந்த விருந்து அழைக்காமல் வந்ததென்று சொல்ல வழியில்லை. பொறியில் தானே தேங்காய்த்துண்டு வைத்துவிட்டு எலியை வைது என்ன?

ஆறாம் பாட்டின் கடைசி அடி, 'தண்ணிழலாய் அமர்ந்தவனே' என்று எல்லாப் பாட்டும் வந்து இறங்கும் அந்தப் படித்துறை. பின்னால் குரல்கள் அதை இழுத்து இழுத்து நிழலில் உட்கார்ந்துகொள்கின்றன. இந்த நிழலுக்கு வர எத்தனை காலம்! ஆவணித் திருவிழாவுக்கு முன்னால் பத்து நாள் விடியற்காலை முற்றோதல். பத்து நாளும் ஒருத்தியே முன்னிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், நடுவில் ஒரு நாளும் விடக் கூடாது. ஆகவே மாதவிலக்கு நின்றவர்கள் மட்டுமே அந்த இருக்கைக்கு வரலாம் என்பது இந்தக் கோயிலின் வழக்கம். நாற்பது வயதிலேயே எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆகியிருந்தும் பின்வரிசையில் இருந்தாள் மங்கையர்க்கரசி. பத்தில் மூன்று நான்கு நாளுக்கு அதுவும் இராது, வீட்டு மச்சில் நின்றுகொண்டு காற்றில் வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தக் கூட்டத்துப் பெண்கள் அதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். "தேர் நிலைக்கு வந்தாச்சா?" என்பார்கள். நின்றுவிட்டதா என்று அர்த்தம். பதிமூன்று வயதில் வடம் பிடித்த தேர், நான்கு ரதவீதியும் சுற்றி, குழியில் இறங்கி, முட்டுக்கட்டைக்கு முரண்டு, சாய்ந்து, நிமிர்ந்து, ஐம்பதை ஒட்டி நிலைக்கு வரும். அவளுடைய தேர் லேசில் வந்ததா? நான்கு மாதம் அசையாமல் நின்றுவிட்டு, வந்துவிட்டது என்று எல்லாரும் தேங்காய் உடைக்கப் போகிற சமயத்தில், திடீரென்று மறுபடி கிளம்பும். போன வருஷத்துக்கு முந்தின ஆனியில் கடைசியாக. பிறகு பன்னிரண்டு மாதம் ஒவ்வொன்றாக விரல் மடக்கி, டாக்டரம்மாளும் தலையசைத்தபிறகுதான் இந்த மாக்கோலத்தின்மேல், இந்தப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று பலபேர் பயமுறுத்தியிருந்தார்கள். இனி என்ன, எல்லாம் முடிந்தது என்று தோன்றும் என்றார்கள். அவளுக்கோ திருமஞ்சனத்துக்குப் புதுக்குடம் வாங்கிய மாதிரி இருந்தது.

இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. சூடு மட்டும் என்றால் சிரித்துக்கொண்டே சமாளித்திருப்பாள். ஆனால் போன வெள்ளிக்கிழமை, அடுக்களையில், மாவு சலிக்க வேண்டும் என்று கையை நீட்டியவளுக்கு, நீட்டிய கை எதை எடுக்க நீண்டது என்பதற்குப் பெயர் வரவில்லை. ஆணியில் எதிரேதான் தொங்குகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, பெயர் இல்லை. "ஏங்க, அந்த இதை எடுங்க." "எதை?" "அதான், வட்டமா, ஓட்டை ஓட்டையா." "இடியாப்ப உழக்கா?" "இல்ல." "ஜல்லிக் கரண்டியா?" "இல்லங்க." அவர் இட்லித்தட்டு வரைக்கும் போய்விட்டார். சல்லடை என்ற சொல் அன்று பிற்பகல் துணி மடிக்கும்போது, கேட்காமலே, வந்து வாசலில் நின்றது. அவர் சிரித்தார், இவளும் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் ஒன்று சிரிக்காமல் இருந்தது. அம்மா. அம்மாவுக்கும் இப்படித்தான் ஒரு கரண்டியின் பெயரில் தொடங்கிற்று; பிறகு தெருவின் பெயர்; பிறகு, ஒரு கார்த்திகை நாளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "நீ யாரு பெத்த புள்ளம்மா, இவ்வளவு லெட்சணமா இருக்க?" என்று கேட்டது. அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு, உனக்கு ஐம்பத்தொன்று, இந்த வயதில் சொல் நழுவுவது தூக்கம் கெடுவதாலும் சுரப்பு குறைவதாலும் வருவது, பலபேருக்கு வரும், பெரும்பாலும் தானே தெளியும். பொருளின் பெயர் மறந்தால் பரவாயில்லை, பொருள் எதற்கென்று மறந்தால் சொல்லு, என்று ஹெப்சிபாம்மாள் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். காது கேட்டது. நெஞ்சு கேட்கவில்லை. நெஞ்சு தனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டது: இந்தப் பத்து நாளும் ஒரு சொல் நழுவாமல் ஓதி முடித்துவிட்டால் அது வேறு, இது வேறு. நழுவினால்? அதைக் கணவரிடமும் அவள் சொல்லவில்லை, நோட்டில் எழுதிவிடுவார். ஐந்து நாள் ஆயிற்று. இன்று ஆறு. இதோ ஏழாம் பாட்டு. எல்லாரும் பயப்படுகிற பாட்டு. மூன்றாம் பாட்டிலும் ஏழாம் பாட்டிலும் மூன்றாம் அடி ஒரேமாதிரி 'எரியும் ஏந்தி' என்று தொடங்கும். மூன்றில் 'இரவில் ஆடி' என்று போகும், ஏழில் 'இமையோர் அஞ்ச' என்று போகும். அங்கே நாக்குத் தடம் மாறினால் எட்டாம் பாட்டுக்குப் போக வேண்டியவள் நான்காம் பாட்டுக்குப் போய்விடுவாள். முன்னிருப்பவள் எதைக் கொடுத்தாலும் பின்னிருப்பவர்கள் வாங்கிப் பாட வேண்டும், சந்நிதியில் குரல் கொடுத்துத் திருத்தக் கூடாது, எடுத்த பாட்டை நடுவில் போடவும் கூடாது. ஆக, மறுபடி நான்கு, ஐந்து, ஆறு என்று ஒரு முழுச் சுற்று. தெரியும். அவளுக்குத் தெரியாததா? முதலடி கொடுத்தாள். இரண்டாம் அடி. தீ உச்சந்தலைக்கு வந்துவிட்டது; கூந்தலுக்குள் வேர்வை நூல் நூலாக இறங்குகிறது; ஒரு நூல் புருவத்தில், ஒரு நூல் மூக்குத்தியில்; இதயம் உரலில் விழும் உலக்கையாக இரண்டிரண்டாக இடிக்கிறது; விசிறு, விசிறு, சுவாமிக்கு விசிறு; எரியும் ஏந்தி, ஆம், ஏந்தித்தான் இருக்கிறேன், உள்ளங்கையில் மட்டுமா, முழங்கை, தோள், எரியும் ஏந்தி, எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் பாடியவர், கண்டிருப்பார், எரியும் ஏந்தி இரவில் ஆடி, ஆமாம், நேற்றும் படுக்கை ஈரம், போர்வையை உதைத்து, எழுந்து உலாத்தி, தண்ணிழலாய் அமர்ந்தவனே. பின்னால் குரல்கள் வாங்கின. படித்துறையில் இறங்கின. அவள் அடுத்த பாட்டை எடுத்தாள். கொன்றைப்பூ என்று தொடங்கிற்று. கொன்றைப்பூ நல்ல பூ. மஞ்சள். கொன்றைப்பூ நான்காம் பாட்டு அல்லவா?

முதுகில், இரவிக்கைக்கு மேலே, ஒரு விரல்நுனி வந்து தொட்டது. அது செண்பகவடிவின் விரல். முன்னிருக்கைக்கு நேர் பின்னால் உட்காருகிறவளுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. தவறினால் ஒரு தொடுகை, அவ்வளவுதான். அந்த விரல் பாரமாக இல்லை. ஆனால் மங்கையர்க்கரசிக்கு உள்ளே எதுவோ ஒன்று ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தது. நழுவிவிட்டது. அம்மா, நழுவிவிட்டதம்மா. கொன்றைப்பூவின் இரண்டாம் அடியை அவள் வாய் கொடுத்தது. வாய் நல்ல வேலைக்காரி, எசமானி அழுதாலும் அடுப்பைக் கவனிக்கும். பதினேழு பேரும் வாங்கிப் பாடினார்கள். ஒருவர் குரலிலும் நெருடல் இல்லை. அதுவே இன்னும் கூசிற்று. தப்பான வழியென்று தெரிந்தும் பின்னால் வருகிறவர்களை எப்படித் திரும்பிப் பார்ப்பது? ஐந்தாம் பாட்டு. சுற்றித்தான் வரவேண்டும். நிலையை நாலு முழத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கீழ ரதவீதிக்குத் திரும்பிய தேர். தண்ணிழல்நாதர் அதே பாட்டுகளை இரண்டாம் தடவை கேட்கிறார், முகத்தில் மாறுதல் இல்லை. கேட்பாரோ, என்ன மங்கையர்க்கரசி, எனக்கு மறதி என்று நினைத்தாயா என்று. நாளைக்கு வேறு யாரையாவது உட்கார வைக்கலாம். திரிபுரத்து அத்தை ஓரத்துத் தூணருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், இருபத்திரண்டு வருஷம் இந்தப் பலகையில் இருந்து அவள் ஒருமுறையாவது, நினைவில்லை, இருந்திருக்குமோ, ஒரு வருஷம் கொன்றைப்பூ இரண்டு தரம் வந்த மாதிரி, நல்ல பாட்டு என்பதால் இரட்டித்து ஓதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, இவளும் பின்வரிசையில் கண்ணை மூடி உருகி... பொறு. மூச்சு. ஐந்து முடிந்தது. மணிக்கட்டு வலிக்கிறது. விசிறுகிறாள், விசிறுகிறாள். ஐயா, உமக்கு நெற்றியில் ஒரு கண் அளவுக்குத்தான் நெருப்பு. எனக்கு உடம்பு முழுக்க. உமக்குத் தலையில் ஓர் ஆறு, அதற்குத் துணையாக ஒரு பிறை, அதுவும் போதாதென்று செப்புக்கலயத்துச் சொட்டு நீர், இடப்பக்கம் பனிமலைக்காரர் மகள். இத்தனையும் இருக்கிறவருக்கு நான் வேறு வேர்க்க வேர்க்க விசிறுகிறேன். இது எந்த ஊர் நியாயம்? நீரே சொல்லும். தாயார் பேர் என்ன, தண்ணிழல்நாயகி. அவளுக்கு ஐம்பது வந்ததுண்டா? வந்திருந்தால் இந்த விசிறியை இப்படியா பிடிக்கச் சொல்லியிருப்பாள்? சிரிப்பு வந்தது. சந்நிதியில், தவறு செய்துவிட்டு, நடுச் சுற்றில், வேர்வை சொட்ட, அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆறாம் பாட்டின் முதலடி அந்தச் சிரிப்பின்மேல் ஏறிச் சற்றுத் துள்ளலாகவே போயிற்று. சல்லடையின் பெயர்தான் மறந்தது. மாவைச் சலிக்க வேண்டும் என்பது மறக்கவில்லை. இங்கும் தடம் மாறியது நாக்கு. எந்தத் தடம், எங்கே மாறிற்று, எப்படித் திரும்பி வருவது, எல்லாம் இதோ தெரிகிறதே. அம்மாவுக்குக் கடைசியில் தான் வழி மாறிவிட்டதே தெரியாமல் போயிற்று, அவள் எங்கோ நிம்மதியாக நடந்து போனாள். இவள் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வருகிறாள். புலம்புகிறவள் தொலையவில்லை.

ஏழாம் பாட்டு, இரண்டாம் முறை. முதலடி. தணிந்திருந்த தீ, பயத்தின் வாடை பட்டதும் மறுபடி எட்டிப் பார்த்தது. பார், பார், நன்றாகப் பார். இரண்டாம் அடி. பின்னால் பதினேழு குரலும் இம்முறை சற்று மெதுவாக வாங்கின. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். எல்லாருடைய மனமும் அடுத்த அடியில் போய் முன்கூட்டி நிற்கிறது. மங்கையர்க்கரசி விசிறியைச் செம்பில் முக்கினாள். நீர் சொட்ட எடுத்தாள். கை பழக்கத்தில் சந்நிதியை நோக்கி நீண்டது. நீண்ட கை நின்றது. மணிக்கட்டு ஒரு திரும்பு திரும்பியது. காற்று அவள் முகத்தில் வந்து விழுந்தது. ஈர வெட்டிவேர், ஆற்றுமணல், மழைக்கு முந்தின மண், எல்லாம் நெற்றியிலும் கண்ணிமையிலும் தொண்டைக்குழியிலும். ஆ. சுவாமி, அபசாரம். இன்னொரு வீச்சு. அபசாரம், அபசாரம். இன்னும் ஒன்று. எரியும் ஏந்தி, என்று எடுத்தாள், இமையோர் அஞ்ச, என்று வைத்தாள், எழுந்தருளி, என்று நடந்தாள், தண்ணிழலாய் அமர்ந்தவனே என்று படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்து வந்த குரலில் நிம்மதி இருந்தது என்று சொன்னால் போதாது. ரதவீதி மூலையில் முரண்டிக்கொண்டிருந்த தேர் திரும்பியபோது எழுகிற குரல் அது. எட்டும் ஒன்பதும் பத்தும், ஓதுவதன் பயன் சொல்லும் கடைசிப் பாட்டும் தாமாக வந்தன. கற்பூரம் எடுத்தார்கள். தாராபாத்திரம் சொட்டிக்கொண்டிருந்தது. கைகூப்பி எழுந்தபோதுதான் பயமும் கூடவே எழுந்தது. கூட்டத்துக்கு முன்னால், சுவாமி விசிறியால், தனக்கு விசிறிக்கொண்டாள். திரிபுரத்தம்மாள் நாற்காலியிலிருந்து கைத்தடியை ஊன்றி எழுந்து வந்துகொண்டிருந்தாள். வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் மங்கையர்க்கரசி மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள், எல்லாம் மனத்துக்குள்.

"ஏளா அரசி."

"அத்தை, தப்புத்தான். கொன்றைப்பூவுக்குப் போயிட்டேன். அதுபோக, விசிறியையும்..."

"கொன்றைப்பூவை விடு. நான் உட்கார்ந்த முதல் வருசம் மூணு சுத்து சுத்தினேன். பால் பாயசம் ஆறிப்போச்சு. எனக்கு முந்தி இருந்த ஆவுடைக்கும் அதே எடந்தான். இந்தப் பலகைக்கு வாறவ எல்லாம் எந்த வயசுல வாறா? எரியுத வயசுலதானே வாறா? எரியும் ஏந்தின்னு வாயில வந்தா நாக்கு எங்கன நிக்கும்?" கிழவி கைத்தடியால் விசிறியைச் சுட்டினாள். "நான் கேக்க வந்தது அதை இல்ல. அஞ்சு நாளா உனக்கு என்ன வந்துச்சு? எதுக்கு இதை அந்தப் பக்கமா வீசிக்கிட்டு இருந்த?"

"சுவாமிக்கு அத்தை. நீங்க இருபத்திரண்டு வருசம் வீசினீங்களே."

"நானா? சுவாமிக்கா?" திரிபுரத்தம்மாள் திரும்பிச் சந்நிதியைப் பார்த்தாள், சொட்டும் கலயத்தைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். "அவருக்கு என்னத்துக்குளா விசிறி? அவர்தான் தலையில ஆத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே. வெந்தது நானுல்லா!"

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அது பதினேழு பேருக்கும் பரவிற்று. இருபது வருஷமாக அந்த முழங்கையை முதுகுக்குப் பின்னாலிருந்து மட்டுமே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் அத்தனை பேரும், காற்று எந்தப் பக்கம் போயிற்று என்று ஒருத்தியும் பார்க்கவில்லையே என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். குருக்கள் திருநீற்றுத் தட்டோடு வந்து, சிரிப்பின் காரணத்தைக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்காமல் போனார்.

"பக்கத்துலயே வச்சுக்கோன்னு சொன்னேனே" என்றாள் திரிபுரத்தம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கண்ணுல ஒத்திக்கிட்டா மகராசி. நான் நெனச்சேன், இவளுக்கு என்னமோ குளிர்ந்த தேகம்போலன்னு. சரி, சரி, உட்காரு. முகமெல்லாம் செவந்து கெடக்கு. வீசு. தைரியமா வீசு. நீ ஆறினாத்தான் பாட்டு ஆறுதலா வரும். அதுதான் அவருக்கு வீசுறது."

மங்கையர்க்கரசி பலகையில் மறுபடி உட்கார்ந்தாள். விசிறியை நனைத்தாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு, முழங்கையைத் தூக்கி, நன்றாக, தாராளமாக விசிறிக்கொண்டாள். நாளைக்கும் கொன்றைப்பூ வரலாம். வந்தால் என்ன, சுற்றி வருவோம். வீட்டுக்குப் போனதும் அவர் நோட்டோடு நிற்பார், காலை காபி, ஒன்று, அளவு, பெரிது, அப்புறம் அந்தச் சல்லடைப் பயத்தையும் சொல்லிவிட வேண்டியதுதான், அதற்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். வெட்டிவேர்க் காற்று கழுத்தில் இறங்கி, முதுகில் இறங்கி, செண்பகவடிவின் விரல் பட்ட இடத்தில் வந்து குளிர்ந்தது. அப்போது அந்த விரல் மறுபடி அங்கே தொட்டது. திரும்பினாள். நாற்பத்தாறு வயதுச் செண்பகவடிவு, சேலைத் தலைப்பால் மேலுதட்டை ஒற்றிக்கொண்டு, கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று, குனிந்து அவள் காதருகே வந்தாள்.

"மயினி, அதைக் கொஞ்சம் பின்னாலயும் வீசுங்களேன்."

"ஏளா! உனக்குமா? தேர் நிலைக்கு வந்துட்டா?"

"எங்க மயினி? வடக்கு ரதவீதிக்கு இப்பதான் திரும்பிருக்கு."

மங்கையர்க்கரசி விசிறியை இன்னொருமுறை செம்பில் முக்கி, முழங்கையை அகல விரித்து, பின்வரிசை வரைக்கும் எட்டும்படி வீசினாள்.